ஓடி நின்ற பிறகும் மூச்சு வாங்குவது ஏன்?



நம் மதரஸாவில் அஸர் தொழுகைக்கும் மக்ரிப் தொழுகைக்கும் இடைப்பட்ட நேரம் மாணவர்களின் விளையாட்டு நேரமாகும். ஒரு நாள் மைதானத்தின் ஓரத்தில் நாம் அமர்ந்திருந்தபோது, பந்தைத் துரத்தி ஓடிக் களைத்த மாணவர் ஒருவர் அருகில் வந்து அமர்ந்தார். மூச்சிரைப்புக்கு இடையிலேயே அவர் கேட்டார்: "ஹஜ்ரத், ஓடும்போது மூச்சு வாங்குவது புரிகிறது. நான் ஓட்டத்தை நிறுத்திவிட்டேன். மூச்சு மட்டும் ஏன் நிற்கவில்லை?"

நமக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல், "இவற்றையெல்லாம் இப்னு சீனா அவர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டார்கள்" என்று பெருமையுடன் கூறினோம். மாணவர் விடவில்லை. "எந்தக் கிதாபில், எந்தப் பாடத்தில் ஹஜ்ரத்?" என்றார். ஒரு செய்தியைக் கேட்டால் அது யாரிடமிருந்து யார் வழியாக வந்தது என்று விசாரிக்க வேண்டும் என அவருக்குக் கற்பித்தவர்கள் நாம்தாம். நாம் புகட்டிய பாடம் நம்மிடமே திரும்பி வந்தது.

அன்றிரவு கிதாபைத் திறந்தோம். அதன்பின் பல வாரங்கள் வேறு நூல்களையும் தேடிப் படித்தோம். உடல் தன் அசைவுக்கான ஆற்றலை எங்கிருந்து பெறுகிறது என்ற கேள்விக்கு மனிதர்கள் விடை கண்ட நீண்ட வரலாறு அப்போது நமக்கு அறிமுகமாயிற்று. அதை இங்கே உங்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.

கானூன் சொல்வதும் சொல்லாததும்

இப்னு சீனா (கி.பி. 980 – 1037) அவர்களின் 'அல்கானூன் ஃபித் திப்' ஐந்து பாகங்கள் கொண்ட மருத்துவப் பெருநூல். அதன் முதற்பாகத்தில் உடல்நலம் பேணுதலைப் பற்றிய பகுதியில் 'ரியாளா' எனும் உடற்பயிற்சிக்குத் தனி இடம் உண்டு. மனிதன் தன் விருப்பத்தால் செய்யும் அசைவு, அதுவும் ஆழ்ந்து விரைந்து மூச்சுவிட வைக்கும் அசைவு, அதுவே பயிற்சி என்று அவர்கள் வரையறுக்கிறார்கள். பயிற்சிக்கும் மூச்சுக்கும் உள்ள உறவை வரையறையிலேயே வைத்த நுட்பம் வியப்புக்குரியது. மல்யுத்தம், ஓட்டம், விரைநடை, அம்பெய்தல், குதிரையேற்றம், ஊஞ்சலாட்டம் என்று பயிற்சிகளை வகைப்படுத்துகிறார்கள். வலிமையானது, மென்மையானது, விரைவானது, மெதுவானது என்று பிரிக்கிறார்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் உடலைத் தேய்த்துவிடச் சொல்கிறார்கள். எந்த அறிகுறி தோன்றினால் நிறுத்த வேண்டும் என்றும் விளக்குகிறார்கள்.

பயிற்சி ஏன் நன்மை தருகிறது? உண்ட உணவு முழுமையாகச் செரித்த பின்னும் உடலில் கழிவு எஞ்சுகிறது, அசைவு உடலின் இயற்கையான வெப்பத்தைத் தூண்டி அக்கழிவை வெளியேற்றுகிறது என்பது அவர்களின் விளக்கம். இதன் வேர் கிரேக்க மருத்துவர் கேலனிடம் உள்ளது. அரபியர் அவரை ஜாலீனூஸ் என்று அழைத்தனர். ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கும் அவருடைய மாணவர்களும் ஜாலீனூஸின் நூல்களை சிரியாக், அரபு மொழிகளில் பெயர்த்தார்கள். மூளையில் உருவாகும் நுண்ணிய 'ரூஹ்' நரம்புகளின் வழியே பாய்ந்து தசையை அசைக்கிறது என்பது அந்த மரபின் கருத்து. நரம்பை அறுத்தால் தசை செயலிழக்கும் என்பதை ஜாலீனூஸ் விலங்குகளில் செய்துகாட்டியிருந்தார். நரம்பு வழியே ஏதோ ஒன்று வருகிறது என்பது சரி. அது என்ன என்பதில்தான் பிழை.

நம் மாணவரின் கேள்விக்கு கானூனில் விடை இருக்கிறதா? மூச்சு விரையும் என்று இருக்கிறது. ஓடி நின்ற பின் விரைவது ஏன் என்பதற்கு நாம் படித்த அளவில் அதில் விடை இல்லை. அந்தக் காலத்தில் எவரிடமும் இருந்திருக்க முடியாது. காற்றில் ஆக்ஸிஜன் என்றொரு வாயு இருக்கிறது என்பதையே மனிதர் அறிய இன்னும் ஏழு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆகவிருந்தது.

ஆனால் கானூனைப் படித்தவர்கள் அதை அப்படியே ஒப்பித்துக்கொண்டிருக்கவில்லை. கெய்ரோவில் வாழ்ந்த இப்னுந் நஃபீஸ் அவர்கள் அந்நூலின் உடற்கூறு பகுதிக்கு 1242ஆம் ஆண்டில் விரிவுரை எழுதினார்கள். இதயத்தின் வலப்பக்க இரத்தம் நடுச்சுவரின் நுண்துளைகள் வழியே இடப்பக்கம் செல்கிறது என்று ஜாலீனூஸும் இப்னு சீனாவும் கருதியிருந்தனர். அச்சுவர் கெட்டியானது, அதில் வழியில்லை, இரத்தம் நுரையீரலுக்குச் சென்று அங்கே காற்றுடன் கலந்த பிறகே இடப்பக்கம் வருகிறது என்று இப்னுந் நஃபீஸ் அவர்கள் எழுதினார்கள். தாம் மதித்த ஆசானின் நூலுக்கு உரை எழுதும்போதே ஆசானைத் திருத்தும் துணிவு அவர்களிடம் இருந்தது. அந்த உரை பல நூற்றாண்டுகள் பேசப்படாமல் கிடந்தது. 1924இல் எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் அத்ததாவீ ஜெர்மனியில் அதன் கையெழுத்துப் பிரதியை ஆராய்ந்து உலகுக்கு எடுத்துரைத்தார்.

முகமூடி அணிந்த மனிதர்

அடுத்த பெரிய படியைப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸில் காண்கிறோம். லவாய்சியர் எனும் வேதியியலார், எரியும் மெழுகுவர்த்தியும் மூச்சுவிடும் விலங்கும் காற்றின் ஒரே பகுதியைத்தான் செலவிடுகின்றன என்பதைக் கண்டார். அந்தப் பகுதிக்கு ஆக்ஸிஜன் என்று பெயரிட்டவரும் அவரே. கணித அறிஞர் லாப்லாஸுடன் சேர்ந்து, பனிக்கட்டி சூழ்ந்த ஒரு கலத்தில் கினிப்பன்றியை வைத்து, அதன் உடல் வெப்பத்தால் உருகிய நீரை அளந்தார். மூச்சுவிடுதல் என்பது மெதுவாக நிகழும் எரிதல் என்ற முடிவுக்கு வந்தார்.

பிறகு மனிதரிலும் சோதித்தார்கள். உதவியாளர் செகுவின் தம் முகத்தில் முகமூடி அணிந்துகொண்டு, சும்மா இருக்கும்போதும், உணவு உண்ட பின்னும், காலால் பளுவை இயக்கும்போதும் எவ்வளவு ஆக்ஸிஜன் செலவாகிறது என்று அளக்க இசைந்தார். உழைக்கும்போது அந்த அளவு இரண்டு மடங்குக்கும் மேல் உயர்ந்தது. கூலியாளின் உழைப்பையும், மேசையில் அமர்ந்து சிந்திப்பவரின் உழைப்பையும் ஒரே அளவுகோலால் அளக்கலாம் என்ற எண்ணம் அன்று பிறந்தது. லவாய்சியரால் இந்த ஆய்வை முடிக்க இயலவில்லை. அவர் வரி வசூல் நிறுவனத்தில் பங்காளராக இருந்தவர். பிரெஞ்சுப் புரட்சி அரசு 1794இல் அவரைத் தலைவெட்டும் இயந்திரத்துக்கு அனுப்பியது.

அவரிடமும் ஒரு பிழை இருந்தது. எரிதல் நுரையீரலில் நடப்பதாக அவர் கருதினார். அது உடலின் ஒவ்வொரு திசுவிலும், ஓடுபவனின் காலிலேயே, நடைபெறுகிறது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் தெளிவாயிற்று.

மலையேறிய இருவர்

எரிதல் என்றால் எரிபொருள் எது? ஜெர்மானிய வேதியியலார் லீபிக் 1842இல் ஒரு விடை சொன்னார். தசை புரதத்தால் ஆனது. ஆகவே உழைக்கும் தசை தன் புரதத்தையே அழித்து ஆற்றல் பெறுகிறது என்றார். அவருடைய புகழ் பெரிது. பலரும் ஏற்றுக்கொண்டனர்.

1865 ஆகஸ்டில் ஃபிக், விஸ்லிசெனஸ் என்ற இரு பேராசிரியர்கள் இதைத் தம் சொந்தக் கால்களால் சோதித்தார்கள். சுவிட்சர்லாந்தின் ஃபவுல்ஹார்ன் மலையில் ஏரிக்கரையிலிருந்து 1,956 மீட்டர் உயரம் ஏறினார்கள். முந்தைய நண்பகலிலிருந்தே புரதமுள்ள உணவைத் தவிர்த்து, மாவைக் கொழுப்பில் பொரித்த அப்பங்களையும் இனிப்பிட்ட தேநீரையும் மட்டுமே உட்கொண்டார்கள். வழியெங்கும் தங்கள் சிறுநீரைச் சேகரித்து, அதிலுள்ள நைட்ரஜனை அளந்து, உடலில் எவ்வளவு புரதம் சிதைந்தது என்று கணக்கிட்டார்கள். தம் உடல் எடையை அத்தனை உயரம் தூக்கிச் செல்வதற்குத் தேவையான ஆற்றலுக்கு அந்தப் புரதம் போதவே போதாது என்று கண்டார்கள். மாவுச்சத்தும் கொழுப்புமே அந்த மலையேற்றத்தின் பெரும்பங்கைச் சுமந்திருந்தன. ஒரு பேரறிஞரின் கூற்று ஒரு நாள் நடையில் வீழ்ந்தது.

கடன்

இப்போது நம் மாணவரின் கேள்விக்கு அருகில் வந்துவிட்டோம். 1907இல் கேம்பிரிட்ஜில் ஃப்ளெட்சரும் ஹாப்கின்ஸும் தவளையின் தசையை ஆராய்ந்து, சோரும்வரை சுருங்கிய தசையில் லாக்டிக் அமிலம் சேர்வதையும், ஆக்ஸிஜன் கொடுத்தால் அது மறைவதையும் காட்டினார்கள். தொடர்ந்து, தசையில் பிறக்கும் வெப்பத்தை அளந்த இங்கிலாந்தின் ஹில்லும், லாக்டிக் அமிலத்துக்கும் ஆக்ஸிஜனுக்கும் உள்ள உறவை வரையறுத்த ஜெர்மனியின் மெயர்ஹோஃபும் 1922ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

ஹில் ஓட்டத்தில் ஆர்வம் கொண்டவர். தாமே ஓடி, தம் மூச்சுக்காற்றை அளக்கச் செய்தவர். வேகமாக ஓடும்போது தசை கேட்கும் ஆக்ஸிஜனை நுரையீரலாலும் இதயத்தாலும் உடனுக்குடன் கொண்டுசேர்க்க இயலாது. எனினும் ஓட்டம் நிற்பதில்லை. உடல் கடன் வாங்கி ஓடுகிறது. ஓட்டம் முடிந்ததும் அந்தக் கடனை மூச்சால் அடைக்கிறது. இதற்கு ஹில் 'ஆக்ஸிஜன் கடன்' என்று பெயர் சூட்டினார். மாணவர் கேட்டதற்கு முதல் விடை இதுதான்.

ஆனால் ஹில்லும் மெயர்ஹோஃபும் இன்னொன்றையும் நம்பினார்கள். தசையைச் சுருங்கச் செய்வதே லாக்டிக் அமிலம்தான் என்றார்கள். 1930இல் கோபன்ஹேகனைச் சேர்ந்த லுண்ட்ஸ்கார்ட், லாக்டிக் அமிலம் உண்டாவதைத் தடுக்கும் ஒரு நஞ்சைத் தசைக்கு ஏற்றிப் பார்த்தார். தசை அமிலமே இல்லாமல் சில நேரம் சுருங்கியது. நோபல் பரிசு பெற்ற கோட்பாடு நடுவிலிருந்து முறிந்தது. ஹில் முகம் சுளிக்கவில்லை. 1932இல் அவரே கட்டுரை எழுதி, தம் துறையில் ஒரு புரட்சி நிகழ்ந்துவிட்டது என்று அறிவித்தார். அந்தப் புரட்சியில் கவிழ்ந்தது அவருடைய சொந்தக் கருத்தே.

சென்னையிலிருந்து சென்றவர்

லாக்டிக் அமிலம் இல்லையென்றால் தசைக்கு ஆற்றல் தந்தது எது? விடையின் ஒரு பகுதி அப்போது பாஸ்டன் நகரில் ஏற்கெனவே கண்டறியப்பட்டிருந்தது. கண்டவர்களுள் ஒருவர் நம் சென்னையில் படித்தவர்.

எல்லப்பிரகட சுப்பாராவ் 1895இல் ஆந்திரத்தின் பீமவரத்தில் பிறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்று, அறுவை அறையில் கதர் அங்கி அணிந்தது ஆங்கிலேயப் பேராசிரியரின் மனக்கசப்புக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றே அவருக்குக் கிடைத்தது என்பர். 1920களின் தொடக்கத்தில் அமெரிக்கா சென்று, ஹார்வர்டில் ஃபிஸ்க் என்பவரின் ஆய்வகத்தில் சேர்ந்தார்.

1927இல் இருவரும் தசையில் பாஸ்போகிரியேட்டின் எனும் பொருளைக் கண்டறிந்தார்கள். தசை உழைத்தால் இது குறைகிறது, ஓய்வெடுத்தால் மீண்டும் நிரம்புகிறது. அதே ஆண்டில் இங்கிலாந்தின் எகிள்டன் தம்பதியரும் இதே பொருளைத் தனியே கண்டிருந்தனர். 1929இல் ஏடிபி எனப்படும் அடினோசின் டிரைபாஸ்பேட்டை ஜெர்மனியில் லோமனும், ஹார்வர்டில் ஃபிஸ்க்கும் சுப்பாராவும் தனித்தனியே பிரித்தெடுத்தார்கள். இந்த ஏடிபியே தசை நேரடியாகச் செலவிடும் நாணயம். உணவும் மூச்சும் இந்த நாணயத்தை அச்சிடுவதற்கே பயன்படுகின்றன.

சுப்பாராவுக்கு ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1940இல் ஒரு மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்துக்குச் சென்றார். 1948இல் காலமானார். ஓட்டப் பயிற்சி பெறும் எத்தனையோ இளைஞர்கள் இன்று கிரியேட்டின் பற்றிப் பேசுகிறார்கள். சென்னை வீதிகளில் நடந்து படித்த அந்த மனிதரின் பெயரை அவர்களில் எத்தனை பேர் அறிவர்?

கணக்குப் பார்த்தால்

இந்த அறிவையெல்லாம் சேர்த்து, நம் மாணவரின் ஓட்டத்தை இப்படி விளக்கலாம். பந்தைக் கண்டு அவர் பாய்ந்தபோது தசையில் இருந்த ஏடிபி சில நொடிகளுக்கே போதுமானது. அது தீரத் தீரப் பாஸ்போகிரியேட்டின் அதை மீட்டுத் தருகிறது. அதுவும் ஏறத்தாழ பத்து நொடிகளுக்கே. அதற்குள் தசையில் சேமித்துவைத்த கிளைக்கோஜன் எனும் மாவுச்சத்து உடைந்து, ஆக்ஸிஜனுக்குக் காத்திராமல் ஏடிபியைத் தருகிறது. அவ்வேளையில்தான் லாக்டிக் அமிலம் சேர்கிறது. ஓட்டம் சில நிமிடங்களைக் கடந்தால், ஆக்ஸிஜனைக் கொண்டு சர்க்கரையையும் கொழுப்பையும் எரிக்கும் வழியே பெரும்பங்கை ஏற்கிறது. இவை ஒன்று முடிந்து ஒன்று தொடங்குவன என்று எண்ண வேண்டாம். எல்லாம் முதல் நொடியிலிருந்தே இயங்குகின்றன. எது முன்னணியில் நிற்கிறது என்பதே மாறுகிறது.

ஓட்டம் நின்றதும் வேலை ஓயவில்லை. செலவான ஏடிபியும் பாஸ்போகிரியேட்டினும் மீண்டும் நிரம்ப வேண்டும். இரத்தத்திலும் தசையிலும் குறைந்த ஆக்ஸிஜன் இருப்பு ஈடாக வேண்டும். சேர்ந்த லாக்டேட்டை அகற்ற வேண்டும். அது வீண்கழிவு அன்று, இதயம் அதையே எரிபொருளாக்கிக்கொள்கிறது என்பதும் பின்னாளில் தெரியவந்தது. மேலும், சூடேறிய உடலும் விரைந்து துடிக்கும் இதயமும் சற்று நேரம் கூடுதல் ஆக்ஸிஜனைக் கேட்கின்றன. ஆகவே நின்ற பின்னும் வாங்கும் மூச்சில் ஹில் சொன்ன கடனும் உண்டு, கடனைத் தாண்டிய செலவுகளும் உண்டு.

தசை எப்படிச் சுருங்குகிறது என்பதும் மெல்லத் தெளிந்தது. 1939இல் ரஷ்யாவின் எங்கெல்ஹார்ட்டும் லியூபிமோவாவும், தசையின் மயோசின் எனும் புரதமே ஏடிபியை உடைக்கிறது என்று காட்டினார்கள். 1954இல், உறவினர் அல்லாத இரண்டு ஹக்ஸ்லிகள் தத்தம் துணையாய்வாளருடன் ஒரே இதழில் ஒரே வேளையில் ஓர் உண்மையை வெளியிட்டார்கள். தசை சுருங்கும்போது அதன் நுண்ணிழைகள் குறுகுவதில்லை. இரு கைகளின் விரல்களைக் கோத்து உள்ளே தள்ளுவதுபோல, ஒன்றினூடே ஒன்று வழுக்கிச் செல்கின்றன. மயோசின் இழையிலிருந்து நீளும் நுண்கொக்கிகள் எதிர் இழையைப் பற்றி இழுத்து, விட்டு, மீண்டும் பற்றுகின்றன.

இதில் நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது ஒன்று. பற்றிய கொக்கி விடுபடுவதற்கு ஒரு புதிய ஏடிபி வந்து சேர வேண்டும். தளர்வதற்கும் ஆற்றல் தேவை. மூச்சு நின்று சில மணி நேரத்தில் ஏடிபி தீர்ந்துவிடும்போது கொக்கிகள் பற்றியபடியே நின்றுவிடுகின்றன. ஜனாஸாவைக் குளிப்பாட்டியவர்கள் அந்த விறைப்பைத் தம் கைகளில் உணர்ந்திருப்பார்கள். நாமும் உணர்ந்திருக்கிறோம். ஸுஜூதுக்குக் குனிவதற்கு மட்டுமா அருள் வேண்டும், எழும்போது முழங்கால் தளர்ந்து கொடுப்பதற்கும் வேண்டும் என்பது அதன்பின் நமக்கு வெறும் சொல்லாக இல்லை. உடலில் பலம் என்று சேர்த்துவைத்த பெட்டி ஏதும் இல்லை. சில நொடிகளுக்கான இருப்பே உண்டு. மற்றவை ஒவ்வொரு மூச்சிலும் புதிதாக வழங்கப்படுகின்றன. ஒரு நாளில் நம் உடல் உண்டாக்கிச் செலவிடும் ஏடிபியைக் கூட்டினால், அது ஏறத்தாழ நம் உடல் எடைக்கே சமமாகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

மாணவருக்குச் சொன்னது

சில வாரங்கள் கழித்து அந்த மாணவரை அழைத்து, முதலில் நம் தவறைச் சொன்னோம். "அன்று நாம் சொன்னது சரியன்று. இப்னு சீனா அவர்கள் சொன்னது இவ்வளவு, சொல்லாதது இவ்வளவு" என்று பிரித்துக் காட்டினோம். அவர் முகத்தில் ஏமாற்றம் தெரியவில்லை. "அப்படியானால் இப்னுந் நஃபீஸும் ஹில்லும் ஒரே மாதிரிதான் ஹஜ்ரத்" என்றார். ஒருவர் தம் ஆசானைத் திருத்தினார், மற்றவர் தம்மையே திருத்திக்கொண்டார் என்பதைத்தான் அவர் அப்படிச் சொன்னார்.

நம் முன்னோர்களுக்கு உரியதை மறைப்பது அநீதி. அவர்கள் சொல்லாததை அவர்கள் பெயரில் ஏற்றுவதும் அநீதியே. அறிவிப்பாளர்களை ஒவ்வொருவராக எடை போட்டுப் பார்த்த சமுதாயம் நாம். ஹதீஸில் காட்டும் பேணுதலை வரலாற்றில் கைவிடுவது எப்படித் தகும்? ஜாலீனூஸ் முதல் சுப்பாராவ் வரை இந்த அறிவு பல நாடுகளின், பல சமயத்தவரின் கைமாறி வந்த அமானிதம். அதில் ஒரு கண்ணி நம்முடையது. அந்த ஒரு கண்ணியை உள்ளபடி காட்டினாலே அதன் கண்ணியம் போதும்.

இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. ஸுப்ஹிலிருந்து இஷா வரை பாயில் அமர்ந்தே பாடம் நடத்தும் நாம், இப்போது அஸருக்குப் பின் மாணவர்களுடன் மைதானத்தைச் சுற்றி நடக்கிறோம். இரண்டாம் சுற்றிலேயே மூச்சு வாங்குகிறது. நின்று, அது தணியும்வரை காத்திருக்கிறோம். அந்தச் சில நிமிடங்களில் நாவுக்கு 'அல்ஹம்துலில்லாஹ்' என்பதைத் தவிர வேறு வேலை இருப்பதில்லை.

வல்ல அல்லாஹ் நமக்குப் பயனுள்ள கல்வியையும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிவையும், உடல் எனும் அமானிதத்தைப் பேணும் நல்லறிவையும் தந்தருள்வானாக. ஆமீன்.